பிள்ளை தேர்ந்தெடுக்கும் வகுப்பறை: சுயவழிக் கற்றல் எப்படி வேலை செய்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப் பட்டணத்தில் பிள்ளையைப் பாலர்பள்ளியில் சேர்க்கும் நேரம் வந்தால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "அங்க பிள்ளைங்கள சும்மா விளையாட விட்டுடறாங்க, ஒண்ணும் சொல்லிக் குடுக்கிறதில்ல" என்பார்கள் சிலர். "அது மாண்டிசோரி முறை, பிள்ளைங்க தானாவே படிச்சுக்கும்" என்பார்கள் வேறு சிலர். ஒருவர் குறை சொல்கிறார், மற்றவர் பாராட்டுகிறார். ஆனால், பிள்ளைக்குச் சுதந்திரம் கொடுத்தால் ஆசிரியருக்கு வேலையில்லை என்றுதான் இருவருமே நம்புகிறார்கள்.

அது தவறு. பிள்ளையை மையமாக வைத்து நடக்கும் வகுப்பில் ஆசிரியரின் வேலை கூடத்தான் செய்கிறது. வகுப்பின் முன்னால் நின்று பேசும் நேரம் குறைகிறது. பிள்ளைகள் வருவதற்கு முன் பொருளைத் தயார் செய்வதும், வந்த பிறகு கூர்ந்து கவனிப்பதும் பல மடங்காகின்றன. இந்தக் கட்டுரை 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும், புதிதாகப் பாலர்பள்ளி வகுப்பை ஏற்கும் ஆசிரியைகளுக்கும் எழுதியது.

## யார் எதைத் தீர்மானிப்பது?

பட்டணத்து நாசி சம்பூர் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு என்ன மீன், என்ன கீரை, எத்தனை வகைக் குழம்பு என்பதைக் கடைக்காரர் விடியற்காலையிலேயே முடிவுசெய்து சமைத்து அடுக்கிவிடுகிறார். எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது, மறுபடி போய் எடுப்பதா என்பதைத் தட்டைக் கையில் வைத்திருப்பவர் முடிவுசெய்கிறார். சாப்பிடுபவருக்கு முழுச் சுதந்திரம் உண்டு. ஆனால் கெட்டுப்போன எதையும் அவர் எடுத்துவிட முடியாது, ஏனென்றால் அது அங்கே வைக்கப்படவே இல்லை. இலையில் எல்லாவற்றையும் பரிமாறி "இதைத்தான் சாப்பிடணும், இந்த நேரத்துக்குள்ள முடிக்கணும்" என்று சொல்வது வழக்கமான வகுப்பு. சமையலறையைத் திறந்துவிட்டு "நீயே பார்த்துக்கோ" என்று போய்விடுவது கவனிப்பாரற்ற வகுப்பு. நாம் பேசப்போவது இந்த இரண்டையும் அல்ல, நாசி சம்பூர் கடையைப் பற்றி.

இப்படி நடக்கும் கற்றலுக்குத்தான் சுயவழிக் கற்றல் என்று பெயர். பெரியவர் தேர்ந்து வைத்த வேலைகளுக்குள் எதைச் செய்வது, எவ்வளவு நேரம் செய்வது, எத்தனை முறை செய்வது என்பதைப் பிள்ளையே முடிவுசெய்கிறது. அந்த வேலைகள், அவை இருக்கும் அலமாரி, உட்காரும் பாய், நேர ஒழுங்கு, விதிகள் எல்லாம் சேர்ந்தது தயார்ப்படுத்திய சூழல்.

விதிகள் நிறைய வேண்டாம். யாரையும் நோகடிக்கக் கூடாது. பொருளைச் சேதப்படுத்தக் கூடாது. அடுத்தவர் செய்துகொண்டிருப்பதைப் பறிக்கக் கூடாது. இந்த மூன்று போதும். ஆனால் இவற்றில் பிள்ளைக்குத் தேர்வு கிடையாது. இங்கே தளர்ந்துவிடும் ஆசிரியையின் வகுப்பு இரண்டே வாரத்தில் சந்தைக்கடை ஆகிவிடும்.

இந்த முறை பணக்காரப் பிள்ளைகளுக்கு உரியது என்ற எண்ணமும் நம் ஊர்களில் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. இத்தாலிய மருத்துவரான மரியா மாண்டிசோரி தம் முதல் 'பிள்ளைகள் இல்ல'த்தை 1907 ஜனவரி 6ஆம் தேதி ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தொடங்கினார். அது ஏழைத் தொழிலாளர் குடியிருப்பு. தாய் தகப்பன் வேலைக்குப் போய்விட, நாள் முழுக்கத் தனியாகக் கிடந்த பிள்ளைகளுக்காக வந்த இடம் அது. அம்மா பால்வெட்டப் போகும்போது பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப்போன தலைமுறைக்கு இந்த நிலைமையை விளக்கத் தேவையில்லை. 1939இல் மாண்டிசோரி சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டாம் உலகப்போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல், இடையில் கொடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்தியாவிலேயே பணியைத் தொடர்ந்தார். தமிழ் மண்ணில் பல ஆண்டு வேர்விட்ட முறை இது.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பெரும்பாலான நாடுகளில் யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். பலகையைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

சுருக்கமாக: பொருளையும் நேரத்தையும் எல்லையையும் பெரியவர் தீர்மானிக்கிறார். அதற்குள் தேர்வும் வேகமும் பிள்ளையினுடையவை.

## நாற்பத்தைந்து குச்சிகள்

இது எப்படிப் படிப்பாகிறது? ஒரே ஒரு வேலையை எடுத்து முழுதாகப் பார்ப்போம். மாண்டிசோரி வகுப்புகளில் எண்ணுவதற்கென்று ஒரு குச்சிப்பெட்டி உண்டு. தோட்டப் பட்டணத்தில் அதைக் காசில்லாமலே செய்யலாம்.

ஒரே அளவான பத்து டின்களை எடுத்து 0 முதல் 9 வரை எண் ஒட்டி வரிசையாக வையுங்கள். செம்பனை ஓலையின் ஈர்க்கை ஒரு சாண் நீளத்துக்கு, முனை மழுங்கலாக, நறுக்குங்கள். மொத்தம் 45 குச்சிகள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பிள்ளை 1 என்ற டின்னில் ஒன்று, 2 என்ற டின்னில் இரண்டு என்று எண்ணிப் போடுகிறது. ஒன்று முதல் ஒன்பது வரை கூட்டினால் 45. எல்லாம் சரியாக இருந்தால் கடைசிக் குச்சி 9ஆம் டின்னில் விழும்போது கை காலியாகிவிடும். 0 என்ற டின் வெறுமையாக நிற்கும். 'ஒன்றுமில்லை' என்பதற்கும் ஓர் எண் உண்டு என்பதைப் பிள்ளை அங்கே கண்ணால் பார்க்கிறது.

எங்காவது ஒன்று கூடக் குறையப் போட்டிருந்தால், கடைசியில் குச்சி மிஞ்சும் அல்லது பத்தாமல் போகும். "தப்பு" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பொருளே சொல்லிவிடுகிறது. இதற்குப் பிழைகாட்டி என்று பெயர்: செய்தது சரியா இல்லையா என்பதைப் பெரியவரின் முகத்தைப் பார்க்காமலே பிள்ளை தெரிந்துகொள்ளும்படி பொருளுக்குள் வைக்கப்பட்ட ஏற்பாடு.

பிள்ளை கற்கும் விதத்தையே இது மாற்றிவிடுகிறது. ஆசிரியை திருத்தும் வகுப்பில் ஒரு பிள்ளை பத்துக் கணக்கு செய்துவிட்டு, தாள் திரும்பி வரும்வரை காத்திருக்கும். திரும்பி வருவதற்குள் எப்படி யோசித்தோம் என்பதே மறந்துபோயிருக்கும். குச்சிப்பெட்டியில் பிழை அந்த நிமிடமே தெரிகிறது, கை இன்னும் வேலையில் இருக்கும்போதே தெரிகிறது. பிள்ளை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கும். நான்கு வயதுப் பிள்ளை இதே வேலையை ஒரே காலையில் ஐந்தாறு முறை செய்வது இத்தகைய வகுப்புகளில் சாதாரணம். எழுதச் சொல்லி வற்புறுத்தினால் கிடைக்காத பயிற்சி அளவு இது.

ஒரு குறை உண்டு. பிள்ளை 4ஆம் டின்னில் ஐந்தும் 7ஆம் டின்னில் ஆறும் போட்டால் மொத்தம் சரியாகவே வரும், பிழை வெளியே தெரியாது. அதனால் ஆசிரியை அவ்வப்போது போய்ப் பார்க்கத்தான் வேண்டும். பார்த்துவிட்டு அங்கேயே திருத்த வேண்டாம். குறித்துக்கொண்டு, மறுநாள் ஒவ்வொரு டின்னின் குச்சிகளையும் வெளியே எடுத்துச் சத்தமாக எண்ணி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டும் முறையைக் காட்டினால் போதும். இன்னொன்று: ஒரு குச்சி தொலைந்துவிட்டால் இந்தப் பொருள் பொய் சொல்லத் தொடங்கிவிடும். சரியாகச் செய்த பிள்ளைக்குத் தப்பு என்று காட்டும். தினமும் வகுப்பு முடிந்ததும் 45ஐயும் எண்ணி வைப்பது ஆசிரியையின் வேலை.

## தலைக்குள் வளரும் மூன்று திறன்கள்

குச்சியை எண்ணும் பிள்ளை எண்ணை மட்டும் கற்கவில்லை. எத்தனை போட வேண்டும் என்பதை மனத்தில் பிடித்துவைத்திருக்கிறது. பக்கத்தில் நண்பன் கூப்பிட்டாலும் எழுந்து ஓடாமல் தன்னை அடக்குகிறது. குச்சி மிஞ்சினால் செய்த வழியை விட்டு வேறு வழிக்கு மாறுகிறது. நினைவில் வைத்தல், தன்னை அடக்குதல், வழி மாற்றுதல் ஆகிய இந்த மூன்றும் சேர்ந்ததே செயற்கட்டுப்பாடு. நாற்பது நிமிடப் பாடத்தில் உட்காரவும், இரண்டு படி உள்ள கணக்கைச் செய்யவும், சண்டையில் கையை ஓங்காமல் நிறுத்தவும் பிள்ளைக்குத் தேவைப்படுவது இதுதான்.

"உட்காரு, பேசாதே" என்று ஆசிரியை நாள் முழுக்கச் சொல்லும் வகுப்பில் கட்டுப்பாடு ஆசிரியையிடம் இருக்கிறது. அவர் வெளியே போனதும் அதுவும் போய்விடுகிறது. தானே எடுத்த வேலையைத் தானே முடித்து, தானே திரும்ப வைக்கும் பிள்ளைக்குக் கட்டுப்பாட்டுப் பயிற்சி தன் கைக்குள் நடக்கிறது. அதனால்தான் நல்ல வகுப்புகளில் ஒவ்வொரு வேலையும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இன்னொரு பிள்ளை குச்சிப்பெட்டியை வைத்திருந்தால் காத்திருக்க வேண்டும். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள். காத்திருப்பதும் அங்கே ஒரு பாடம்.

## நட்சத்திர ஒட்டி ஏன் கெடுக்கிறது?

செயலில் உள்ள ஆர்வத்துக்காகவே அதைச் செய்வதை உள்ளூக்கம் என்கிறோம். பரிசு அதைக் கூட்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைச் சோதித்தது. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் பாலர்பள்ளியில் வண்ணப் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பும் 51 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு, வரைந்தால் நாடாவும் முத்திரையும் வைத்த சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல் கடைசியில் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் பேனாவை வெறுமனே மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு இந்தச் சரிவு வரவில்லை.

இதை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை ஏற்கெனவே விரும்பிச் செய்வதற்கு "இதைச் செய்தால் அது தருவேன்" என்று விலை பேசும்போதுதான் கேடு. ஆண்டுவிழாவில் பரிசு கொடுப்பதை இந்த ஆய்வு தடுக்கவில்லை. வகுப்பில் நட்சத்திர ஒட்டியைக் குறைத்துவிட்டு, நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: "நாற்பத்தஞ்சும் சரியாப் போச்சு." "இன்னிக்குத் தண்ணி ஒரு சொட்டுகூடச் சிந்தலை." அதுவும் பிள்ளை தலைதூக்கிப் பார்த்த பிறகு. வேலையில் மூழ்கியிருக்கும்போது "கெட்டிக்காரி!" என்று சொன்னால் அந்த நொடியே கவனம் அறுந்துவிடும்.

இதுவரை: பிழையைப் பொருளே காட்டுவதால் பிள்ளை உடனே திருத்திக்கொள்கிறது. விரும்பித் திரும்பத் திரும்பச் செய்வதால் பயிற்சி பெருகுகிறது. தொடங்கி முடித்து அடுக்குவதால் செயற்கட்டுப்பாடு வளர்கிறது.

## பலன் எவ்வளவு?

மிகையாகப் பேசுவது இந்த முறைக்கே கெடுதல். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓர் அரசு மாண்டிசோரி பள்ளியில் குலுக்கல் முறையில் இடம் கொடுத்தார்கள். இடம் கிடைத்த பிள்ளைகளையும் குலுக்கலில் விடுபட்டு வேறு பள்ளிகளுக்குப் போனவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வெளியானது. விண்ணப்பித்த எல்லாக் குடும்பங்களும் அதே ஆர்வம் கொண்டவை என்பதால் ஒப்பீடு நியாயமானது. ஐந்து வயதில் எழுத்தையும் சொல்லையும் அடையாளம் காண்பது, கணக்கு, செயற்கட்டுப்பாடு, சக பிள்ளைகளோடு பழகுவது ஆகியவற்றில் மாண்டிசோரி பிள்ளைகள் முன்னே இருந்தார்கள். சொல்வளத்தில் வேறுபாடு இல்லை. பன்னிரண்டு வயதில் வாசிப்பிலும் கணக்கிலும் இரு பிரிவும் நெருங்கிவிட்டன. கட்டுரை எழுதும் விதத்திலும் பழகும் விதத்திலும் வேறுபாடு தெரிந்தது. இது ஒரு பள்ளியின் நிலைமை என்பதையும் மறக்கக் கூடாது.

2012இல் வந்த மற்றோர் ஆய்வு நம் ஊருக்கு இன்னும் பொருத்தம். மாண்டிசோரி பொருட்களை மட்டும் வைத்து நடந்த வகுப்புகள், அவற்றோடு பயிற்சித் தாள் போன்றவற்றைக் கலந்த வகுப்புகள், வழக்கமான வகுப்புகள் என்று மூன்றையும் ஒரு கல்வியாண்டு ஒப்பிட்டார்கள். பிள்ளைகள் அதிகம் முன்னேறியது முதல் வகையில்தான். பாதி அலமாரி, பாதி பயிற்சித் தாள் என்று நடத்தும் தாடிகாக்கள் (பாலர்பள்ளிகள்) இரண்டின் பலனையும் தருவதாகச் சொல்வதை நம்புவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

## எழுத்தைப் பிள்ளை தானாகக் கண்டுபிடிக்காது

அதிகம் குழப்பம் நேரும் இடம் இது. எண்ணிக்கையைக் குச்சி சொல்லிவிடும். ஆனால் 'ட' என்ற வடிவத்துக்கு என்ன ஒலி என்பதை எந்தப் பொருளும் தானாகச் சொல்லாது. அது மனிதர்கள் செய்துகொண்ட ஏற்பாடு, யாராவது சொல்லித்தான் தர வேண்டும். 247 எழுத்தையும் பிள்ளை விளையாடியே கண்டுபிடிக்கும் என்று காத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு நாம் அநியாயம் செய்கிறோம். புதிதாகக் கற்பவரைத் துணையின்றி விட்டால், ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்கக் கூடிய சிறு அளவு சீக்கிரமே நிரம்பி, கற்றல் நின்றுவிடுகிறது.

ஆகவே எழுத்துக்கு நேரடிப் பாடம் உண்டு. தனியாக அல்லது இருவராக உட்காரவைத்து ஐந்து நிமிடம். பிரெஞ்சு மருத்துவர் செகென் வகுத்து, மாண்டிசோரி எடுத்துக்கொண்ட மூன்று படிகள் இவை. முதலில் பெயர் சொல்வது: "இது ட. இது ப." அடுத்து அடையாளம் காட்டச் சொல்வது: "ப-வைக் காட்டு. ட-வைப் பாயில வை. ப-வை என் கையில குடு." கடைசியாக நினைவிலிருந்து சொல்லச் சொல்வது: "இது என்ன?" இரண்டாம் படிதான் நீளமாக இருக்க வேண்டும். நிறையப் பேர் முதல் படியிலிருந்து நேராக மூன்றாம் படிக்குத் தாவிவிடுவார்கள். பிள்ளை விழிக்கும், "இப்பத்தானே சொன்னேன்" என்று குரல் உயரும். பிள்ளை மூன்றாம் படியில் தடுமாறினால் திருத்த வேண்டாம். "இன்னிக்கு இது போதும்" என்று எடுத்துவைத்து, நாளைக்கு முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

கோடுகள் எளிமையான ட, ப, ம மூன்றையும் முதலில் எடுப்பது நல்லது. மேலே புள்ளி வைக்கக் கற்றதும் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்கள் கிடைத்துவிடும். 'படம்' என்பதில் ட மென்மையாகவும் 'பட்டம்' என்பதில் அழுத்தமாகவும் ஒலிப்பதைச் சில பிள்ளைகள் கவனித்துக் கேட்கும். விதியை விளக்காமல் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிக் காட்டுங்கள். ந, த போல உருவம் நெருங்கிய எழுத்துகளையும், ன, ண போல ஒலி நெருங்கிய எழுத்துகளையும் ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள்.

எழுத்து அட்டை செய்ய இரும்புக்கடையில் கிடைக்கும் மெல்லிய உப்புத்தாள் போதும். எழுத்தை வெட்டி, வழவழப்பான தடித்த அட்டையில் ஒட்டுங்கள். பிள்ளை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, எழுதும் திசையிலேயே தடவி, ஒலியைச் சொல்ல வேண்டும். புதிதாகச் செய்பவர் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. உப்புத்தாளின் பின்பக்கம் எழுத்தை நேராக வரைந்து வெட்டினால் முன்பக்கம் திரும்பிப்போய் நிற்கும். பின்பக்கம் வரைவதென்றால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பித்தான் வரைய வேண்டும்.

இந்த நேரடிப் பாடம் முடிந்ததும் அட்டைகள் அலமாரிக்குப் போகும். எடுத்துத் தடவுவதும் எத்தனை தரம் தடவுவது என்பதும் மறுபடி பிள்ளையின் தேர்வு.

## ஓர் ஆசிரியை, ஓர் உதவியாளர், இருபத்தைந்து பிள்ளைகள்

தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பின் வழக்கமான நிலைமை இது. 2017இல் திருத்தப்பட்ட தேசியப் பாலர்பள்ளிக் கலைத்திட்டமே விளையாட்டு வழிக் கற்றலையும் மாணவர் மையக் கற்றலையும் வலியுறுத்தியது. அனுமதி ஒரு தடையில்லை. நேரத்தையும் இடத்தையும் ஒழுங்குபடுத்துவதுதான் கடினம்.

நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தைக் காப்பாற்றினால் போதும்: இடையில் உடைக்காத நீண்ட வேலை நேரம். மாண்டிசோரி வகுப்புகளில் அது மூன்று மணி நேரம். நான்கு மணி நேரப் பாலர்பள்ளியில் அது முடியாது. 90 நிமிடம் முடியும். எட்டு மணிக்குத் தொடங்கினால் இருபது நிமிடம் வட்டமாக உட்கார்ந்து பேசிவிட்டு, 8.20 முதல் 9.50 வரை அலமாரி வேலை. சாப்பாடு, வெளி விளையாட்டு, கதை, பாட்டு எல்லாம் அதற்குப் பிறகு. இதை முப்பது முப்பது நிமிடமாக வெட்டினால் பலன் கிடைக்காது. பிள்ளைகள் முதல் அரை மணி எளிதானதை எடுத்துத் தட்டிப்பார்ப்பார்கள். பிறகு ஒரு சலசலப்பு வரும். ஆழமான வேலை பெரும்பாலும் அந்தச் சலசலப்புக்குப் பிறகுதான் தொடங்கும். அது வந்ததும் பயந்து மணி அடித்துவிடும் வகுப்பு, பலன் தொடங்கும் இடத்தில் கடையைக் கட்டிவிடுகிறது.

அலமாரியின் மேல்தட்டு பிள்ளையின் மார்புக்கு மேலே போகக் கூடாது. ஒவ்வொரு வேலையும் ஒரு தட்டில், தேவையான எல்லாமும் சேர்த்து. ஆளுக்கு ஒரு சிறு பாய், விரித்த பாய் அந்தப் பிள்ளையின் எல்லை. முதல் நாளே நாற்பது வேலையை அடுக்கினால் எல்லாம் ஒரு மணி நேரத்தில் தரையில் கிடக்கும். எட்டு, பத்து எளிய வேலைகளோடு தொடங்குங்கள். பாயைச் சுருட்டுவது, நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்துவது, தட்டை இரு கையால் ஏந்தி நடப்பது ஆகியவையே முதல் வாரப் பாடம். பிறகு ஒவ்வொன்றாகச் செய்துகாட்டிச் சேர்த்து, 25 பிள்ளைகளுக்கு 35, 40 வேலை வரை போகலாம். செய்துகாட்டாத எதையும் அலமாரியில் வைக்காதீர்கள்.

பொருளுக்குப் பெரிய செலவில்லை. பச்சைப் பயறை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றதற்குக் கரண்டியால் மாற்றுவது பென்சில் பிடிக்கும் விரல்களுக்குப் பயிற்சி. அது பழகியதும் தண்ணீர் ஊற்றுவது: இரண்டு சிறிய குவளை, ஒரு கோடு வரை தண்ணீர், சிந்தினால் துடைக்க ஒரு பஞ்சு. வகுப்பு முடிந்ததும் தண்ணீரைக் கொட்டிக் குவளையைக் கவிழ்த்துவிடுங்கள். தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு இடம். கையைக் கழுவிவிட்டு பீசாங் எமாஸ் வாழைப்பழத்தை மழுங்கிய கத்தியால் நறுக்கி நண்பர்களுக்குக் கொடுப்பது பிள்ளைகள் மிகவும் விரும்பும் வேலை. ரப்பர் கொட்டை வகைப்படுத்த அழகான பொருள்தான். ஆனால் பச்சையாகக் கடித்தால் நஞ்சு. எதையும் வாயில் போடும் பிள்ளை இருக்கும் வகுப்பில் அது வேண்டவே வேண்டாம். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழ் தம்பி தங்கை இருந்தால், கழிவறைத் தாள் உருளைக்குள் நுழையும் எந்தப் பொருளும் அவர்கள் கைக்கு எட்டக் கூடாது.

ஆசிரியையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். நாளுக்கு ஐந்து பிள்ளை என்று பிரித்துக்கொண்டால் வாரத்தில் 25 பேரையும் பார்த்துவிடலாம். எதை எடுத்தது, எவ்வளவு நேரம், எங்கே தடுமாறியது என்று இரண்டு வரி போதும். அடுத்த வாரம் அலமாரியில் எதைச் சேர்ப்பது, எதை எடுப்பது என்பதை இந்த நோட்டுதான் சொல்லும்.

## எங்கே கெட்டுப்போகிறது?

ஒரு பிள்ளை எதையும் முடிக்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். "போய் ஏதாவது எடு" என்று சொன்னால் தாவல் கூடும், ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு நாற்பது தேர்வு மிக அதிகம். இரண்டை மட்டும் காட்டி "இதுவா, அதுவா?" என்று கேட்டு, முதல் ஐந்து நிமிடம் கூடவே உட்காருங்கள்.

இன்னொரு பிள்ளை மூன்று வாரமாகத் தண்ணீரை மட்டும் ஊற்றும். அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். கண் வேலையிலேயே இருந்தால் விட்டுவிடுங்கள், ஏதோ ஒன்றைக் கைப்பற்றிக்கொண்டிருக்கிறது. கண் அறையைச் சுற்றினால், தெரியாத வேலையைத் தவிர்க்கத் தெரிந்த வேலையில் ஒளிந்திருக்கிறது. அப்போது அதே தண்ணீரிலேயே அடுத்த படியைக் காட்டலாம்: ஒரு குவளையை மூன்று சம கிண்ணத்தில் பிரிப்பது.

தட்டைத் தூக்கி எறியும் பிள்ளையிடம் பாடம் நடத்த வேண்டாம். "இதை இன்னிக்கு எடுத்து வச்சிடலாம். நாளைக்கு மறுபடி காட்டுறேன்" என்று எடுத்துவிடுங்கள். மறக்காமல் நாளைக்குக் காட்டுங்கள். பேச்சு தாமதம், ஆட்டிசம் போன்ற நிலை உள்ள பிள்ளைகளுக்குத் தேர்வைக் குறைத்து, வரிசையைப் படமாகக் காட்டும் கூடுதல் ஒழுங்கு தேவைப்படும். அவர்களை "தானா வரும்" என்று விட்டுவிடக் கூடாது.

பெரும்பாலும் கெடுப்பது பெரியவர்களின் கைதான். பொத்தான் போட முடியாமல் பிள்ளை இரண்டு நிமிடம் போராடுவதைப் பார்க்கப் பாட்டிக்கும் மனம் வராது, ஆசிரியைக்கும் மனம் வராது. கேட்டால் உதவுங்கள், மாட்டிக்கொண்ட ஒரு படிக்கு மட்டும் உதவுங்கள். மீதியைப் பிள்ளை முடிக்கட்டும்.

## தாடிகாவைப் பார்க்கப் போகும்போது

காலை ஒன்பது மணி வாக்கில் போங்கள். அலமாரிப் பொருளில் தூசி படிந்திருந்தால் அது விருந்தாளிக்கு வைத்த காட்சி. ஆசிரியை எங்கே இருக்கிறார் என்று பாருங்கள்: தரையில் ஒரு பிள்ளையோடு இருக்கிறாரா, முன்னால் நின்று எல்லாரையும் ஒன்றாகச் சொல்லவைக்கிறாரா? "காலையில எவ்வளவு நேரம் இடைவெளி இல்லாம பிள்ளைங்க வேலை செய்றாங்க?" என்று கேளுங்கள். "எழுத்தை எப்படிச் சொல்லித் தர்றீங்க?" என்றும் கேளுங்கள். "தானா வந்துடும்" என்று பதில் வந்தால் எச்சரிக்கையாகுங்கள். தினமும் வீட்டுக்கு அரை டஜன் பயிற்சித் தாள் வந்தால், அலமாரிக்கு நேரம் மிஞ்சியிருக்காது.

வீட்டுக்கு ஒரு தாழ்வான தட்டும் நான்கைந்து வேலையும் போதும். வாரம் ஒன்றை மாற்றுங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாத இருபது நிமிடம் கொடுங்கள்.

## முதலாம் ஆண்டுக்குப் போகும் முன்

"இப்படி வளர்ந்த பிள்ளை முதலாம் ஆண்டில் என்ன செய்யும்?" என்ற கவலை நியாயமானது. 2019 முதல் ஒன்று முதல் மூன்றாம் ஆண்டு வரை தேர்வுகள் இல்லை. ஆறாம் ஆண்டு இறுதியில் நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அவற்றின் இடத்தில் இருக்கும் வகுப்புசார் மதிப்பீடு ஆறு நிலைகளில், பிள்ளை அன்றாடம் செய்வதைப் பார்த்துப் பதிவது. தானே வேலை செய்யப் பழகிய பிள்ளைக்கு அது புதிதல்ல.

ஆனால் முதலாம் ஆண்டு வகுப்பு வேறு மாதிரி நடக்கும். கடைசி இரண்டு மாதம் அதற்கென்று தயார் செய்ய வேண்டும். மேசையில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து ஒரு வரி எழுதுவது, கை தூக்கிக் காத்திருப்பது, பிடிக்காத வேலையையும் பத்து நிமிடம் செய்வது ஆகியவற்றைக் குழுவாகப் பழக்குங்கள். பையைத் தானே அடுக்கவும், மலாயில் "கழிவறைக்குப் போகலாமா?" என்று கேட்கவும், சிற்றுண்டிச்சாலையில் இரண்டு ரிங்கிட் கொடுத்து மீதியைச் சரிபார்த்து வாங்கவும் சொல்லிக்கொடுங்கள். வகுப்பிலேயே ஒரு சின்னக் கடை வைத்து 10, 20, 50 சென் காசுகளோடு பழக்கினால், பள்ளி திறந்த முதல் வார இடைவேளையில் பிள்ளை வரிசையில் நின்று தன் சாப்பாட்டைத் தானே வாங்கிக்கொள்ளும்.